தண்ணீர் வந்தால் அடங்கும் இரைச்சல்

எங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டியின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தவள் நான்தான். இதை அடக்கத்தோடு சொல்லிப் பார்த்திருக்கிறேன். அடக்கத்தோடு சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். விற்ற கடைக்காரர், கேபிள்காரர், சொந்தத்தில் எல்லாம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த மாமா, இத்தனை ஆண்பிள்ளைகள் ஒரு மாதம் தேடித் தோற்றதை, ஐந்தாம் வகுப்பில் கணக்குக்குச் சுமாரான மார்க் வாங்கிக்கொண்டிருந்த நான் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தேன். இன்று மும்பை விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில், கட்டடங்களின் மின்சார வயரிங்கைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். பெரும்பாலும் கதையில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவேன். இன்றைக்கு முழுதாகச் சொல்கிறேன்.

தாராவியில் எங்கள் வீடு கீழும் மேலுமாக இருந்தது. இரும்பு ஏணி ஏறினால் மேலே வாப்பாவின் தோல்பைப் பட்டறை, ஆறு தையல் மெஷின். கீழே ஒரு முன்னறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அடுப்படியின் மூலையில் மோரி. பாத்திரம் கழுவுவது, குளிப்பது, டிரம்மில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் அந்த நாலடிச் சதுரத்துக்குள்தான். முன்னறை வாப்பாவின் ராஜ்யம், அடுப்படி உம்மாவின் ராஜ்யம். இரண்டு பேரும் எல்லை தாண்டுவது அபூர்வம்.

வாப்பாவுக்கு வாலிப வயதிலிருந்தே ஓர் ஆசை இருந்தது. நல்ல ஆம்ப்ளிஃபயரில், பெரிய ஸ்பீக்கரில், பழைய பாட்டுக் கேட்க வேண்டும். கல்யாணம், பட்டறை, நான் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து, நாற்பத்து மூன்றாம் வயதில்தான் லேமிங்டன் ரோட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி டாக்சியில் வந்து இறங்கினார். ஆம்ப்ளிஃபயர் முழுக்க இரும்புப் பெட்டி, என்னால் தூக்க முடியாது. ஏற்றுமதிக்கென்று எடுத்து வைத்திருந்த தோலில் ஸ்பீக்கர்களுக்கு உறை தைத்தார். எனக்குப் பள்ளிக்கூடப் பை தைத்தபோதுகூட அந்தத் தோலை அவர் தொட்டதில்லை.

முதல் நாள் பாட்டுக் கேட்கச் சந்திலிருந்து நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் இன்னொன்று வந்தது. ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில், மூச்சு விடாமல். பாட்டு வந்த பிறகும் அது போகவில்லை, அடியிலேயே நின்றது. எதிர்வீட்டுக்காரர் மரியாதை தெரிந்தவர். இரண்டு பாட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"பாய், பாட்டு ஏக்தம் மஸ்த், ரொம்ப நல்லாருக்கு. பின்னால யாரு மாவு அரைக்காங்க?"

அன்றிலிருந்து வீட்டில் தேடுதல் வேட்டை. வாப்பா வயர்களை மாற்றினார். மேலே ஆறு மெஷினையும் நிறுத்திப் பார்த்தார். டியூப்லைட்டை அணைத்தார், மின்விசிறியை நிறுத்தினார், வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டார். கேபிள்காரர் வந்து டிவி வயரைக் கழற்றிப் பார்த்தார். கடைக்காரர் அனுப்பிய மெக்கானிக் பெட்டியைத் திறந்து, பழுது ஒன்றுமில்லை என்று மூடினார். முன்னறையில் ஒரு ஆணியைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. அங்கே ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு கிரைண்டரும் உம்மாவும்தானே இருக்கிறார்கள், அங்கே என்ன தேடுவது.

உம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அடுப்படியில் செருப்புப் போட்டிருப்பாள். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம் இது. தொழுகிற வீடு, வாசலைத் தாண்டி உள்ளே செருப்பு வராது. மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள் உம்மா, "இந்த ஃப்ரிட்ஜு கை கடிக்குது" என்று வாப்பாவிடம் சொன்னாள். வாப்பா தோல் செருப்பைக் கழற்ற மறந்து பட்டறையிலிருந்து அவசரமாக இறங்கி வந்தவர், அடுப்படி வாசலில் நின்றபடியே எட்டி அதன் கதவைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் கடிக்கவில்லை. "ஒன் கையில ஈரம், அதான்" என்றார். உம்மா இரண்டாவது தடவையும் சொன்னாள். அப்போது ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். விஷயம் அத்தோடு முடிந்தது. வாப்பாவின் அக்காவை நான் மாமி என்று கூப்பிடுவேன். கோபர்கைரனேயில் ஃபிளாட்டில் இருந்த அந்த மாமி வரும்போதெல்லாம் இந்தச் செருப்புதான் பேச்சு, சோற்றில் இறைவனின் அருள் தங்காது என்று.

"செருப்பப் போட்டுக்கிட்டு ஆக்குத சோத்துல பரக்கத்து எங்கன இருந்துளா வரும்?"

உம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். நானும் சிரிப்பேன். எனக்கு மாமி பேசுவது பிடிக்கும்.

இரைச்சல் வந்த மூன்றாம் வாரம், தற்செயலாக நான் ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்தேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தேன், ஏறியது. வைத்தேன், இறங்கியது. உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். வாப்பாவும் கை வைத்துப் பார்த்தார், ஆனால் அவர் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார், ஒரு மாற்றமும் இல்லை. நான் வெறுங்காலோடு தரையில் நின்றேன், அடங்கியது. என் கையில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அன்று வாப்பா ஒரு பாட்டு முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் பெட்டிமேல் கை வைத்தபடி அசையாமல் நின்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டாவது பாட்டின் நடுவே உம்மா வந்து பார்த்தாள். பார்த்ததும் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்து, முதுகில் ஒன்று வைத்தாள். உம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"இனிமே அதுல கை வச்சே, கைய ஒடிச்சிப்போடுவேன்."

பிள்ளை பாட்டுக்குத்தானே நின்றாள் என்று வாப்பா இழுத்தார். உம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாட்டை நிறுத்திவிட்டார். உம்மாவுக்குப் பாட்டு பிடிக்காது, எனக்குக் கிடைத்த பெருமையும் பிடிக்கவில்லை என்று நான் இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு, மாமியின் கணவரான மாமா சொன்ன யோசனைப்படி, பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக் கோபர்கைரனேக்குக் கொண்டுபோனோம். அவர்கள் ஹாலில் வைத்து ஸ்விட்சைப் போட்டார் மாமா. இரைச்சல் இல்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டிக் கேட்டாலும் இல்லை. பாட்டு கழுவித் துடைத்த மாதிரி வந்தது. மாமா சோபாவில் சாய்ந்து காலை நீட்டினார்.

"பெட்டில ஒரு கொறையும் இல்ல மச்சான். வீடுதான் கொறை. இதுக்கு ஃபிளாட்டுதான் சரிப்படும். இங்கனயே இருக்கட்டும். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கேளுங்க."

வாப்பாவின் முகம் சுண்டிப்போனது. சந்தில் கையூன்றி எழுந்து, மேல்தளம் எழுப்பி, ஆறு மெஷின் போட்டவர் அவர். வீட்டைக் குறை சொன்னால் அவரையே சொன்ன மாதிரி. பெட்டியைத் திரும்ப டெம்போவில் ஏற்றச் சொன்னார். ஒரு வாரம் தவணை கேட்டார். அடுத்த ஞாயிறு மாமாவும் மாமியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவது, அப்போதும் இரைச்சல் இருந்தால் போகும்போது பெட்டியை அவர்களே எடுத்துப்போவது என்று முடிவாயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் வாப்பா ஒரு கையால் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு, வாஷி பாலத்துக்குக் கீழே தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அழுகையாக வந்தது. பெட்டி போய்விடும் என்பதைவிட, வீடுதான் குறை என்று மாமா சொன்னது பொறுக்கவில்லை. என் கைதான் வீட்டின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். கையைப் பழக்கினால் பாதி அடங்குகிற இரைச்சல் முழுக்க அடங்கிவிடும் என்பது என் கணக்கு. கணக்கில் நான் சுமார் என்று முதலிலேயே சொன்னேன்.

உம்மா பார்க்காத நேரம் ஒன்றுதான் இருந்தது. காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழரைக்கு நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரம் வானமே இடிந்து விழுந்தாலும் உம்மா மோரியை விட்டு நகரமாட்டாள். வாப்பா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு டீக்கடையில் இருப்பார். செவ்வாய்க்கிழமை காலை, உம்மா டிரம்மை நிரப்பிக்கொண்டிருக்க, நான் மெதுவாக ஸ்விட்சைப் போட்டேன்.

இரைச்சல் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, பாட்டு போட்டால் பாடுகிறது, நிறுத்தினால் வெறும் அமைதி. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. அடக்கத்தானே வந்தேன், அடக்குவதற்கு ஒன்றுமில்லை என்றால் எப்படி? புதன்கிழமையும் அதே கதை. அன்று மாலை வாப்பா போட்டபோதோ, இரைச்சல் எங்கும் போகவில்லை என்று தெரிந்தது. வியாழக்கிழமை காலை விடாமல் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து உம்மா, "தண்ணி நின்னுட்டு, குளிக்க வாரியா இல்லையா?" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து நிற்பதற்குள் ஸ்பீக்கரிலிருந்து மெல்ல, பிறகு பலமாக, ம்ம்ம்ம்.

சாயங்காலம் வாப்பாவிடம் சொன்னேன். தண்ணீர் வந்தால் இரைச்சல் போகிறது, தண்ணீர் நின்றால் வருகிறது. வாப்பா முதலில் சிரித்தார். "தண்ணிக்கும் பாட்டுக்கும் என்னளா சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு ஏணியில் ஏறப்போனார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து உம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"பிள்ள சொல்லுதத ஒருக்கா பாத்தா என்ன கொறஞ்சு போவும்? யாராவது ஒருத்தி சொல்லுததையாவது கேளுங்க."

இரைச்சல் விஷயத்தில் உம்மா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. நான் அவளை மன்னித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வாப்பா டீக்கடைக்குப் போகவில்லை. ஆறு மணியிலிருந்து ஸ்பீக்கரில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார். ஏழரைக்கு எழுந்தவர் என்னை ஒருமுறை பார்த்தார், குழாயை ஒருமுறை பார்த்தார், ஆண்டாப் ஹில்லில் இருந்த வயர்மேனுக்குப் போன் போட்டார். மேல்தளம் கட்டியபோது எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்தான்.

சனிக்கிழமை காலை தண்ணீர் நின்ற பிறகுதான் அவர் வந்தார். தண்ணீரையும் பாட்டையும் முடிச்சுப்போட்ட கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, "எர்த்து வயரக் குழாய்ப் பைப்புலதான் கட்டியிருக்கேன் பாய், பக்கா எர்த்து" என்றபடி மோரிக்குள் குனிந்தார். கசிகிற மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கிவிடுகிற வயர் அது, சந்தில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். பூமிக்குள் போகிற இரும்புக் குழாய் இருக்கும்போது தனியாகப் பள்ளம் தோண்ட இடம் எங்கே இருக்கிறது? செம்புக் கம்பி குழாயைச் சுற்றி இறுக்கமாகத்தான் இருந்தது. அவர் குழாயின் வழியே வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். சாக்கடை மேல் போட்டிருந்த கல்லை நகர்த்தினார். அங்கே இரும்புக் குழாய் பாதியில் நின்றது. அதற்கப்புறம் இரண்டு முழ நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் குழாய், அதற்கப்புறம்தான் மறுபடி இரும்பு.

"இத எப்ப பாய் மாத்தினீங்க?"

மழைக்கு முன்னால், என்றார் வாப்பா. துருப்பிடித்துத் தண்ணீர் சிவப்பாக வந்துகொண்டிருந்தது. சந்துக்காரர்கள் சேர்ந்து மாற்றினோம்.

வயர்மேன் சிரிப்பை நிறுத்திவிட்டார். நேராக அடுப்படிக்குள் போய், டெஸ்டரை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தார். அதன் சின்ன விளக்கு எரிந்தது. வந்த வேகத்தில் போய் மெயினை அணைத்தார். மேலே ஆறு மெஷினும் நின்றன. அந்த அமைதியில் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"பிளாஸ்டிக்குல கரண்ட்டு போவாது பாய். அன்னையிலேர்ந்து உங்க வீட்டுக்கு எர்த்தே இல்ல. ஃப்ரிட்ஜுல கசியிற கரண்ட்டு போறதுக்கு வழியில்லாம, எர்த்து வயர் வழியா எல்லா இரும்பு மேலயும் ஏறி நிக்குது. பாட்டுப் பெட்டியில கேக்குறது அதான். கொழாயில தண்ணி வந்தா, தண்ணி வழியா கொஞ்சம் எறங்கிப் போவுது."

நான் சொன்னதுதான், என்று எல்லாரையும் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வயர்மேன் உம்மாவிடம் திரும்பி, "அக்கா, இத்தன மாசம் இதத் தொட்டுக்கிட்டுதான் இருந்தீங்க, ஒண்ணும் தெரியலையா?" என்று கேட்டார். உம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். வாப்பாவும் பார்த்தார். இரைச்சலைக் கண்டுபிடித்தவள் பக்கத்தில் நிற்கும்போது, மூன்று பெரியவர்கள் ஒரு ஜோடிப் பழைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. பேச்சை என் பக்கம் திருப்புவதற்காக, நான் கை வைத்தாலே இரைச்சல் பாதி அடங்கும் என்று வயர்மேனிடம் சொன்னேன். வெறுங்காலோடா என்று கேட்டார். ஆமாம், ஒன்றரைப் பாட்டு நின்றேன் என்றேன். "அப்ப கரண்ட்டு பாப்பா வழியாதான் எறங்கியிருக்கு பாய்" என்றார் வயர்மேன்.

வாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்தார். என் திறமையைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, அவர் வசதியாகப் பார்க்கட்டும் என்று கையை நன்றாக நீட்டிக் கொடுத்தேன்.

அன்று பட்டறைக்கு விடுமுறை. வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் வாப்பாவே கடப்பாரை போட்டுத் தோண்டினார், வயர்மேனைத் தோண்ட விடவில்லை. ஓர் இரும்புக் கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். கடைக்குப் போக நேரமில்லாமல் உம்மா ஜாடியிலிருந்த கல்லுப்பு முழுவதையும் கொண்டுவந்து கொட்டினாள். ஃப்ரிட்ஜுக்குள் தோல் உரிந்துபோயிருந்த வயரை மாற்றினார்கள். பிறகு வாப்பா அக்கம்பக்கத்து வீடுகளின் கதவையெல்லாம் தட்டினார். அவர்கள் குழாயிலும் அதே வெள்ளைத் துண்டுதானே. மெயினைப் போட்டுவிட்டு அவர் முதலில் பாட்டுப் பெட்டியிடம் போகவில்லை. தோல் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய் ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்கோ பெட்டியைப் போடும்வரை இருப்புக்கொள்ளவில்லை. போட்டபோது ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா டெம்போக்காரரையே கையோடு கூட்டி வந்திருந்தார். வாப்பா ஒரு பாட்டுப் போட்டார், முடிந்ததும் அடுத்ததைப் போடாமல் விட்டார். "கேளுங்க மச்சான், நல்லா கேளுங்க. ஒண்ணும் கேக்கலல்ல?" மாமா காதைக் கொடுத்துக் கேட்டார். டெம்போக்காரரும் கேட்டார். ஒன்றுமில்லாததை ஊரைக் கூட்டிக் கேட்க வைத்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். "எங்க வீட்டுல கொறை இருந்துச்சு. எம் மவ கண்டுபிடிச்சா. சரி பண்ணிட்டோம்" என்றார் வாப்பா. மாமா என் தலையில் கை வைத்தார். டெம்போக்காரர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனார்.

வழக்கமாகக் கதையை நான் நிறுத்துகிற இடம் இது. சொல்லாமல் விடுவது இதற்குச் சற்று முன்னால் நடந்தது. பிரியாணி பரிமாறும் நேரத்தில் மாமி அடுப்படிக்குப் போனாள். உம்மா வெறுங்காலோடு நின்று தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நீலச் செருப்பு வாசலில் மற்றச் செருப்புகளோடு கிடந்தது. மாமிக்குத் தாங்கமுடியாத சந்தோஷம், என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாளா, நான் சொல்லிச் சொல்லி ஒருவழியா திருந்திட்டா!"

உம்மா சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினாள். முன்னறையில் வாப்பா பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். அங்கிருந்தே, "அக்கா, அவளச் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமி சொன்னது சரிதானே என்று நான் தலையை ஆட்டினேன். அன்று வீட்டில் சரியானது பாட்டுப் பெட்டி என்றுதான் நினைத்தேன். அந்த இரைச்சலை எனக்கு எத்தனையோ மாதம் முன்பே உம்மாவின் கை கண்டுபிடித்திருந்தது, இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியும் இருந்தது. அதைத் தேட வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று, கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் மேல் கை வைத்து, பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த மத்தியானம் உம்மா அடுப்படித் தரையில் வெறுங்காலை அழுத்தி வைத்து அங்கும் இங்கும் நடந்தாள், ஒரு வேலையும் இல்லாதபோதும் நடந்தாள். பாட்டு இவ்வளவு நன்றாகக் கேட்கிறதே, வந்து உட்காராமல் ஏன் நடந்துகொண்டிருக்கிறாள் என்று நான் அவளைக் கோபித்துக்கொண்டேன்.